தொழில் தொடங்கியவரின் தனிமை: அமெரிக்க வட்டங்களும் உடும்பஞ்சோலை அயல்கூட்டமும் சொல்வது என்ன?

உடும்பஞ்சோலை: 2019 ஆகஸ்ட் மாதம், இடுக்கி மாவட்டம் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்கு விலைபோனது. அடுத்த மூன்று ஆண்டுகளில், 2022-இல், சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. விலை உச்சத்தில் இருந்தபோது கடன் வாங்கித் தோட்டத்தை விரிவாக்கியவர்களும், உலர்ப்பு நிலையம் கட்டியவர்களும், நறுமணப் பொருள்களைப் பொட்டலமிட்டு விற்கும் சிறு நிறுவனம் தொடங்கியவர்களும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் சிக்கிக்கொண்டனர்.

விலைச் சரிவைப் பற்றித் தேநீர்க் கடையில் பேசலாம். வங்கித் தவணை தவறியதைப் பற்றி அங்கே பேச முடியாது. வீட்டில் சொன்னால் கவலை பெருகும். தொழிலாளர்களிடம் சொன்னால் நம்பிக்கை போகும். வியாபாரியிடம் சொன்னால் அடுத்த பேரத்தில் விலை குறையும். தொழில் தொடங்கிய ஒருவர் தம் உண்மை நிலையை யாரிடம் சொல்வது என்ற இந்தக் கேள்வி ஏலமலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் புத்தொழில் நிறுவனங்களை நடத்துவோரும் இதே கேள்வியைச் சந்திக்கின்றனர். அங்கு இதற்கு விடையாக உருவானவையே சக தொழில்முனைவோர் ஆதரவுக் கூட்டங்கள். அவற்றின் வரலாற்றில் சமய நம்பிக்கைக்கு ஆழமான பங்கு உண்டு.

இக்கூட்டங்கள் எவ்வாறு இயங்குகின்றன, அமெரிக்கப் பொதுவாழ்வில் சமயம் எந்த எல்லைக்குள் நிற்கிறது, உடும்பஞ்சோலை போன்ற எல்லையோரப் பகுதிக்கு இவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சக தொழில்முனைவோர் கூட்டம் என்றால் என்ன?

ஒரே வகையான பொறுப்பைச் சுமப்பவர்கள், ஏறத்தாழ எட்டு முதல் பத்துப் பேர், குறித்த கால இடைவெளியில் கூடிப் பேசுவதே இதன் அடிப்படை. வழிகாட்டி ஒருவர் மேடையில் நின்று பாடம் நடத்துவதில்லை. முதலீட்டாளர் முன் திட்டத்தை விவரிக்கும் நிகழ்வும் அன்று. ஒவ்வொருவரும் தம் தொழிலிலும் குடும்பத்திலும் நடப்பதைச் சொல்ல, மற்றவர்கள் கேட்கின்றனர்.

பெரும்பாலான வட்டங்களில் இரண்டு விதிகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன. ஒன்று, அங்கே பேசியது அறையை விட்டு வெளியேறக் கூடாது. மற்றொன்று, “நீ இப்படிச் செய்” என்று அறிவுரை கூறக் கூடாது. “எனக்கு இப்படி நேர்ந்தபோது நான் இவ்வாறு செய்தேன், அதன் விளைவு இது” என்று அனுபவத்தை மட்டுமே பகிர வேண்டும். அறிவுரை கூறுபவர் ஒரு படி மேலே ஏறிவிடுகிறார். அனுபவத்தைச் சொல்பவர் அருகிலேயே அமர்ந்திருக்கிறார் என்பதே இரண்டாம் விதியின் பொருள்.

நேரடிப் போட்டியாளர்களை ஒரே வட்டத்தில் சேர்ப்பதைப் பல அமைப்புகள் தவிர்க்கின்றன. உறுப்பினர்கள் தங்களுக்குள் வணிகம் செய்வதையும் கடன் கொடுத்து வாங்குவதையும் ஊக்குவிப்பதில்லை. பணம் நடுவில் வந்தால் பேச்சின் உண்மை குறையும் என்பதே காரணம்.

தேவை எத்தகையது என்பதற்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமேன் தலைமையிலான குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 242 தொழில்முனைவோர் பங்கேற்றனர். தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்ததாக அவர்களில் 49 சதவீதத்தினர் தெரிவித்தனர். ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட மற்றவர்களிடையே இது 32 சதவீதமாக இருந்தது. பங்கேற்றவர்கள் தாமே கூறிய தகவல்களைக் கொண்ட சிறிய ஆய்வு என்பதால், இதை எல்லா நாடுகளுக்கும் அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் தொழில்முனைவோரின் மனநலம் தனியே கவனிக்கப்பட வேண்டிய பொருள் என்ற விவாதத்துக்கு அது வலுச் சேர்த்தது.

இந்தியாவில் இவ்விவாதம் உரத்து எழுந்த தருணம் 2019 ஜூலை. கர்நாடகத்தின் காப்பித் தோட்டக் குடும்பத்தில் பிறந்து, ‘கஃபே காஃபி டே’ நிறுவனத்தை நாடெங்கும் வளர்த்த வி.ஜி.சித்தார்த்தா, மங்களூரு அருகே நேத்ராவதி ஆற்றுப் பாலத்தில் காணாமல் போய், ஜூலை 31-இல் உயிரிழந்த நிலையில் மீட்கப்பட்டார். மலைப்பயிரிலிருந்து எழுந்த ஒரு தொழிலதிபரின் முடிவு, வெற்றியின் உச்சியிலும் தனிமை இருக்கக்கூடும் என்பதை நாட்டுக்கு உணர்த்தியது.

தொடக்கம் எங்கே?

தொழில் செய்வோர் வட்டமாகக் கூடும் வழக்கம் அமெரிக்காவில் பழைமையானது. 1727-இல் ஃபிலடெல்ஃபியா நகரில், அச்சுத் தொழில் செய்துவந்த இளம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கைவினைஞர்களையும் சிறு வணிகர்களையும் கொண்ட ‘ஜுன்டோ’ என்ற குழுவைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்கள் கூடினர்.

1905-இல் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்திருந்த வழக்கறிஞர் பால் ஹாரிஸ், பெருநகரத்தில் நட்பு கிடைக்காத வெறுமையைப் போக்க, நிலக்கரி வணிகர், சுரங்கப் பொறியாளர், தையல் தொழில் நடத்துபவர் ஆகிய மூவருடன் கூடிப் பேசத் தொடங்கினார். உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால் அதற்கு ‘ரோட்டரி’ என்ற பெயர் வந்தது. 1950-இல், தந்தையின் மறைவால் இளம் வயதிலேயே குடும்ப நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற ரே ஹிக்காக், ரோச்செஸ்டர் நகரில் இளம் நிறுவனத் தலைவர்களுக்கான அமைப்பை நிறுவினார். அதுவே இன்றைய ஒய்.பி.ஓ. 1987-இல் தொழில்முனைவோர் அமைப்பான இ.ஓ. உருவானது. 1992-இல் சிலிக்கான் பள்ளத்தாக்கில் இந்திய வம்சாவளித் தொழில்முனைவோர் ‘டை’ அமைப்பைத் தொடங்கினர். அதன் கிளைகள் பின்னர் சென்னையிலும் கேரளத்திலும் ஏற்பட்டன.

ஆனால், ஒருவர் தம் தோல்வியை ஒளிக்காமல் பிறர் முன் சொல்வது என்ற முறை வணிக உலகில் பிறந்ததன்று. அதன் வேர் சமயக் குழுக்களில் உள்ளது. 1935-இல் ஓஹியோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும், மருத்துவர் பாப் ஸ்மித்தும் குடிநோயிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணைநின்றனர். அதிலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் பிறந்தது. அவர்கள் இருவரும், லூதரன் போதகரான ஃபிராங்க் புக்மேன் வழிநடத்திய ‘ஆக்ஸ்ஃபோர்டு குழு’ என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களில் பங்கேற்றவர்கள்.

அந்த இயக்கம் எடுத்த ஒரு முடிவு இன்றும் கவனிக்கத்தக்கது. 1939-இல் வெளியிட்ட நூலில் இறைவனைக் குறிப்பிட்டாலும், அவரவர் புரிந்துகொண்ட இறைவன் என்ற விளக்கத்தையும் அது சேர்த்தது. ஒரு சமயத்துக்குள் பிறந்த முறை, பிற சமயத்தவரும் சமயம் அற்றவரும் உள்ளே வரும்படி கதவைத் திறந்து வைத்தது. உலகின் பல பகுதிகளுக்கு அது பரவ இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்கப் பொதுவாழ்வில் சமயத்தின் எல்லை

1831-இல் அமெரிக்காவைச் சுற்றிப்பார்த்த பிரெஞ்சு அறிஞர் அலெக்சி டி டோக்வில் இரண்டு செய்திகளைக் கண்டு வியந்தார். அந்நாட்டு மக்கள் எதற்கெடுத்தாலும் சங்கம் அமைக்கின்றனர்; அரசும் திருச்சபையும் பிரிந்திருந்தும் சமயம் அங்கே வலுவாக இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. 2000-இல் வெளியான நூலில் அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம், அமெரிக்காவின் சங்க உறுப்பினர் எண்ணிக்கை, தன்னார்வப் பணி, நன்கொடை ஆகியவற்றில் ஏறத்தாழ பாதி சமயம் சார்ந்த சூழலில் நிகழ்வதாகக் கணக்கிட்டார்.

சட்ட நிலை பின்வருமாறு. 1791-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் முதல் திருத்தம், அரசு எந்தச் சமயத்தையும் நிறுவக் கூடாது என்றும், எவரது சமய வழிபாட்டையும் தடுக்கக் கூடாது என்றும் கூறுகிறது. 1802-இல் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் இதை அரசுக்கும் திருச்சபைக்கும் இடையிலான மதில் என்று வருணித்தார். 1962-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் அதிகாரிகள் வகுத்த பிரார்த்தனையைச் சொல்லவைப்பது செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

அதேவேளையில், மதிலின் மறுபக்கத்திலும் சமயத்தின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 1953 முதல் அமெரிக்க அதிபர்கள் பங்கேற்கும் தேசியப் பிரார்த்தனைக் காலைவிருந்து நடைபெறுகிறது. கடவுளை நம்புகிறோம் என்ற பொருள் தரும் வாசகம் 1956-இல் தேசிய முழக்கமாக ஏற்கப்பட்டது. 2001-இல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், சமயம் சார்ந்த தொண்டமைப்புகளுக்கென வெள்ளை மாளிகையில் தனி அலுவலகம் அமைத்தார். 2025 பிப்ரவரியில் அதிபர் டொனால்டு டிரம்ப் வெள்ளை மாளிகை நம்பிக்கை அலுவலகத்தை ஏற்படுத்தினார்.

மக்களின் நிலையோ மாறிவருகிறது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பின்படி, 2007-இல் அமெரிக்க வயதுவந்தோரில் 78 சதவீதத்தினர் தம்மைக் கிறிஸ்தவர் என்று கூறினர். 2023-24-இல் அது 62 சதவீதமாகக் குறைந்தது. எந்தச் சமயத்தையும் சாராதவர்கள் 29 சதவீதம். வாரந்தோறும் கூடும் இடம் ஒன்று இவ்வாறு பலரின் வாழ்க்கையிலிருந்து விலகியதால், அதன் இடத்தை நிரப்ப வேறு கூட்டங்கள் தேவைப்படுகின்றன என்பது சமூக ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

தொழில்முனைவோர் உலகில் இரண்டு வகைகளும் அருகருகே இயங்குகின்றன. இ.ஓ., ஒய்.பி.ஓ. போன்றவை சமயம் சாராதவை. 1992-இல் ஃபுளோரிடா மாநிலத்தில் பக் ஜேக்கப்ஸ் தொடங்கிய ‘சி12’ கிறிஸ்தவ நிறுவனத் தலைவர்களுக்கானது; மாதம் ஒருமுறை கூடும் அதன் வட்டங்களில் கணக்கும் சந்தையும் பேசப்படுவதுபோல் வேதமும் பேசப்படுகிறது. தனியார் கூட்டம் என்பதால் உறுப்பினரைச் சமய அடிப்படையில் சேர்த்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. ஆனால், அதே நிறுவனத் தலைவர் தம் அலுவலகத்துக்குத் திரும்பியதும் வேறு சட்டம் பொருந்தும். 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் சமயத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதை 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தடைசெய்கிறது. நம்பிக்கை முதலாளிக்கு ஆறுதலாக இருக்கலாம்; அது ஊழியருக்குக் கட்டளையாக மாறக் கூடாது என்பதே அச்சட்டத்தின் சாரம்.

உடும்பஞ்சோலையில் ஏற்கெனவே இருப்பது என்ன?

நெடுங்கண்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட உடும்பஞ்சோலை வட்டம், தேனி மாவட்டத்தை ஒட்டியது. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகத் தமிழகத்துத் தொழிலாளர்கள் அதிகாலையில் ஜீப்புகளில் ஏலத் தோட்டங்களுக்கு வந்து மாலையில் திரும்புவது இங்குள்ள அன்றாடக் காட்சி. மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறுகிறது. விளைவது ஒரு மாநிலத்தில், விலைபோவது இரு மாநிலங்களில் என்ற அளவுக்கு இரண்டு பக்கமும் பிணைந்துள்ளன.

சக தொழில்முனைவோரிடம் கற்றல் இம்மலைக்குப் புதியதன்று. இன்று ஏலமலையில் பரவலாகப் பயிரிடப்படும் ‘ஞள்ளானி’ ரகம் ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. கட்டப்பனையைச் சேர்ந்த விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தம் தோட்டத்துச் செடிகளில் சிறந்தவற்றைத் தெரிவுசெய்து பெருக்கி உருவாக்கியது அது. கிழங்குக் கன்றுகளாக ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் சென்றே அது மலை முழுவதும் பரவியது.

கூடிப் பேசும் அமைப்பும் இங்கு உண்டு. 1998 மே 17-இல் மலப்புறத்தில் அப்போதைய பிரதமர் அடல் பிஹாரி வாஜ்பாய் தொடங்கிவைத்த குடும்பஸ்ரீ திட்டத்தின் அடித்தளம் அயல்கூட்டம். பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்ந்த 10 முதல் 20 பெண்கள் ஒருவர் வீட்டில் கூடி, சேமிப்பைச் செலுத்தி, உள்கடன் வழங்கி, குடும்ப நலனையும் தொழிலையும் பேசுகின்றனர். வார்டு அளவிலும் பஞ்சாயத்து அளவிலும் இதற்கு மேலமைப்புகள் உள்ளன. கேரளம் முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்கூட்டங்கள் இயங்குகின்றன. அவற்றின் உறுப்பினர்கள் ஊறுகாய், மசாலாப் பொடி, உணவகம், தையல், கூட்டுச் சாகுபடி எனச் சிறுதொழில்களை நடத்துகின்றனர். சிலிக்கான் பள்ளத்தாக்கின் சொற்களில் கூறினால், இவர்களும் நிறுவனர்களே.

எல்லைக்கு அப்பால் தமிழகத்திலும் இதே மரபு உண்டு. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டமும், மதுரையை மையமாகக் கொண்ட களஞ்சியம் இயக்கமும் அதற்குச் சான்று. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயத் தொழிலாளியாக இருந்து களஞ்சியத் தலைவியான சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு, விருது வழங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் வணங்கினார். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இங்கே சமயத்தின் பங்கு

உணவுப் பற்றாக்குறை நிலவிய 1940-களில் அரசின் ஊக்கத்தோடு மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து விவசாயக் குடும்பங்கள் இம்மலைகளில் குடியேறின. தமிழ்த் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் அதற்கு முன்பிருந்தே இங்கு வாழ்ந்தனர். சாலையும் மருத்துவமனையும் வருவதற்கு முன்பே தேவாலயமும் கோயிலும் பள்ளிவாசலும் மக்கள் கூடும் இடங்களாயின. 1980-இல் தொடங்கப்பட்ட பீர்மேடு மேம்பாட்டுச் சங்கம், திருச்சபையின் பின்னணியில் எழுந்து இயற்கை முறை நறுமணப் பயிர்ச் சாகுபடியில் சிறு விவசாயிகளை ஒருங்கிணைத்தது.

சமயமும் அரசியலும் இங்கே சந்தித்த விதம் பலவகைப்பட்டது. 1961-இல் இடுக்கி நீர்மின் திட்டத்தையொட்டி அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் குமுளி அருகே அமராவதியில் கொண்டுவந்து விடப்பட்டபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிரான போராட்டத்தில் முன்னின்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஜோசப் வடக்கன், அப்போது குடியேற்ற விவசாயிகளுக்காக அவருக்கு ஆதரவாக நின்றார். 2014 மக்களவைத் தேர்தலில், மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு தொடர்பான கஸ்தூரிரங்கன் அறிக்கையை எதிர்த்த மலைநாட்டுப் பாதுகாப்புச் சமிதியின் சட்ட ஆலோசகர் ஜாய்ஸ் ஜார்ஜ், இடதுசாரி ஆதரவுடன் சுயேச்சையாக இடுக்கியில் வென்றார். அந்தச் சமிதிக்குத் திருச்சபையின் ஆதரவு இருந்தது வெளிப்படையானது.

அமெரிக்கக் கேள்வி இங்கும் எழுகிறது. சமய அமைப்பு நடத்தும் விவசாயிகள் கூட்டம் பலருக்குக் கைகொடுத்துள்ளது. ஆனால், வேறு நம்பிக்கை கொண்டவரும் அதே கூட்டத்தில் தம் தோல்வியைத் தயக்கமின்றிச் சொல்ல முடியுமா? பலசமயப் பகுதியில் ஒரு கூட்டத்தின் தரத்தை அளக்க இதைவிட நேரான அளவுகோல் இல்லை.

கடன் குழுவும் ஆறுதல் குழுவும்

உடும்பஞ்சோலையின் சிக்கல் கூட்டங்கள் இல்லாமை அன்று. இருக்கும் கூட்டங்களில் பெரும்பாலானவை பணத்தைச் சுற்றி அமைந்தவை என்பதே சிக்கல்.

அயல்கூட்டமோ, கூட்டுப் பொறுப்புக் குழுவோ, தனியார் நுண்கடன் குழுவோ, அவற்றில் தவணை செலுத்துவது கூட்டத்தின் மைய நிகழ்வு. குழுக் கடனில் ஒருவர் தவறினால் சுமை மற்றவர்மீது விழும். எனவே தொழில் நன்றாக நடக்கும்போது உறுப்பினர் தவறாமல் வருகிறார். தவணை கட்ட இயலாத வாரத்தில் அவர் வரத் தயங்குகிறார். துணை மிகவும் தேவைப்படும் நாளில் கூட்டத்தின் கதவு அவருக்குள்ளேயே மூடிக்கொள்கிறது. அமெரிக்க வட்டங்கள் உறுப்பினருக்கிடையே கடனைத் தவிர்ப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

இதன் பொருள், சேமிப்புக் குழுக்கள் பயனற்றவை என்பதன்று. பிணை கொடுக்க ஏதுமில்லாத பெண்களுக்கு வங்கியின் வாசலைத் திறந்தவை அவையே. வசூலும் ஆறுதலும் ஒரே நேரத்தில் ஒரே பாயில் அமர்ந்து நடக்க இயலாது என்பதே கவனிக்க வேண்டியது. மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது கணக்குப் புத்தகம் திறக்காத கூட்டமாக நடத்தினால், இருக்கும் அமைப்பைக் கொண்டே இடைவெளியை நிரப்பலாம்.

ஆண்களின் நிலை வேறு. அயல்கூட்டம் பெண்களுக்கானது. சிறு தோட்டத்தையும் உலர்ப்பு நிலையத்தையும் நடத்தும் ஆண்களுக்கு வணிகர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் உண்டு. அங்கே கோரிக்கை பேசப்படுகிறது, குடும்ப நெருக்கடி பேசப்படுவதில்லை. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் இடுக்கியில் விவசாயிகளின் தற்கொலைகள் தொடர்ந்ததையடுத்து, 2019 மார்ச்சில் கேரள அமைச்சரவை விவசாயக் கடன் வசூல் நிறுத்தத்தை அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. கடனுக்கு அரசு கால அவகாசம் தர முடிந்தது. மனச்சுமையை இறக்கி வைக்கும் இடத்தை ஆணை பிறப்பித்து உருவாக்க இயலவில்லை. 2024 கோடையின் கடும் வறட்சியில் ஏலச் செடிகள் பெருமளவில் கருகியபோதும் இதே நிலை திரும்பியது.

ஒரே பயிர், ஒரே சந்தை

நேரடிப் போட்டியாளர்களை ஒரே வட்டத்தில் சேர்க்கக் கூடாது என்ற விதியை ஏலமலையில் எப்படிப் பொருத்துவது? இங்கே பக்கத்துத் தோட்டத்தாரும் ஏலக்காய்தான் விளைவிக்கிறார்.

ஆனால், ஏலத்தில் விலையை முடிவுசெய்வது அண்டைத் தோட்டத்தின் விளைச்சல் அன்று. எனவே விளைவிப்போர் ஒருவருக்கொருவர் உண்மையான போட்டியாளர் அல்லர். கூலி, உரச் செலவு, செடி நோய், வங்கித் தவணை ஆகியவற்றை அவர்கள் மனம்விட்டுப் பேசுவதில் இழப்பதற்கு எதுவுமில்லை. விளைவிப்பவரும் அவரிடம் வாங்கும் வியாபாரியும் ஒரே வட்டத்தில் இருப்பதே சிக்கலானது. பணம் எப்போது அவசரமாகத் தேவை என்பது வாங்குபவருக்குத் தெரிந்தால், அது பேரத்தில் எதிரொலிக்கும். அதேபோல் தோட்ட உரிமையாளரும் அவரது தொழிலாளரும் ஒரே வட்டத்தில் இருந்தால் இருவருமே பேச மாட்டார்கள்.

மொழியும் ஒரு கதவு

உடும்பஞ்சோலை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய வட்டங்களில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்கிறது. குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்று அரசமைப்பின் 350-ஆவது பிரிவு கூறுகிறது.

மனுவுக்கு மொழிபெயர்ப்பு போதும். மனத்தைத் திறந்து பேசுவதற்கு அது போதாது. கடையில் மலையாளம் பேசிச் சமாளிக்கும் ஒருவர், தம் வீட்டுப் பத்திரம் அடகில் இருப்பதைச் சொல்ல நேரும்போது தாய்மொழியையே நாடுவார். புத்தொழில் பயிற்சிகளும் திட்ட விளக்கங்களும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடந்தால், சட்டம் தந்த உரிமை காகிதத்தில் நிற்கும். தமிழ்ச் சிறுதொழில் முனைவோர் கூட்டத்துக்கு வெளியே நிற்பார்.

அரசுத் திட்டங்கள் எங்கே பொருந்துகின்றன?

2016 ஜனவரி 16-இல் தொடங்கிய ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டத்தில் நாடெங்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கீகாரம் பெற்றுள்ளன. 2022-23-ஐத் தொழில்முனைவு ஆண்டாக அறிவித்த கேரள அரசு, ஓராண்டில் ஒரு லட்சம் புதிய தொழில்களை இலக்காக வைத்தது. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கியது. கேரள ஸ்டார்ட்அப் மிஷனும், தமிழ்நாட்டின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனமும் நிதியுதவி, வழிகாட்டல், பயிற்சி ஆகியவற்றை வழங்குகின்றன.

இவையனைத்தும் எத்தனை தொழில்கள் தொடங்கின என்பதை எண்ணுகின்றன. தொடங்கியவர் மூன்றாம் ஆண்டில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கேட்கும் ஏற்பாடு அரிது. சக தொழில்முனைவோர் கூட்டத்துக்குப் பெரிய நிதி தேவையில்லை. பஞ்சாயத்து நூலக அறையும், மாதத்தில் ஒரு மாலையும், ரகசியம் காக்கும் எட்டுப் பேரும் போதும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

ஒரு கூட்டத்தில் சேர நினைப்பவர் சில கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெறலாம்.

இங்கே பேசுவது வெளியே போகாது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி உண்டா? உறுப்பினருக்கிடையே கடன், வசூல், பொருள் விற்பனை நடக்கிறதா? நடந்தால் பேச்சுக்கெனத் தனிக் கூட்டம் உண்டா? சமய அமைப்பு நடத்துவதாயின், பிற நம்பிக்கையினருக்கு இடம் உண்டா, வழிபாடு கட்டாயமா என்பது முன்பே தெரிவிக்கப்படுகிறதா? தாய்மொழியில் பேசலாமா? பெருந்தொகை கேட்கும் ‘வெற்றிப் பயிற்சி’ வகுப்பு, ஆதரவுக் கூட்டத்தின் பெயரில் நடக்கிறதா? ஒருவர் தொடர்ந்து இரண்டு கூட்டங்களுக்கு வராவிட்டால் அவர் வீட்டுக்குச் சென்று விசாரிப்பது யார் பொறுப்பு?

கடைசிக் கேள்விக்கு விடையுள்ள கூட்டமே நல்ல கூட்டம். வராதவரைத் தேடிச் செல்வதில்தான் வட்டத்தின் பயன் வெளிப்படுகிறது.

இத்தகைய கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அன்று. தொடர்ந்த தூக்கமின்மை, எதிலும் பற்றின்மை, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவையில் தமிழிலும் மலையாளத்திலும் பேச வசதி உண்டு.